மத்தியஸ்தர் காப்பி குடித்துவிட்டார்

மனிதர்களில் சண்டை போடுகிறவர்கள் என்று ஒரு வகை உண்டு. சண்டை போட்டு அலுத்துப்போய்ச் சமாதானமாகிறவர்கள் என்று இன்னொரு வகை உண்டு. இந்த இரண்டு வகைகளைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. நாம் இங்கே ஆராயப்போவது மூன்றாவது வகை. இந்த இருவருக்கும் நடுவில் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டு, அதில் உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, "எனக்கு இதில் சொந்த லாபம் எதுவும் கிடையாது" என்று பேச்சை ஆரம்பிப்பவர். அயல்நாட்டு மத்தியஸ்தர்.

இந்த இனம் உலகம் முழுவதும் காணப்பட்டாலும், மிக அடர்த்தியாக வாழ்வது ஜெருசலேமுக்கும் சாக்கடலுக்கும் இடையிலுள்ள ஹோட்டல்களில்தான். அந்த வானத்தின் வழியாக வருஷத்துக்கு இரண்டு தடவை நாரைகள் கூட்டம் கூட்டமாகப் போகும். நாரைக்குப் பருவம் உண்டு. மத்தியஸ்தருக்கு அது கிடையாது. எங்கேயாவது துப்பாக்கிச் சத்தம் கேட்டால் போதும், மறுநாள் காலை உணவு மேசையில் உட்கார்ந்து முட்டையை உடைத்துக்கொண்டிருப்பார். நாரை போய்விடும். இவர் போகமாட்டார்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. கோட்டின் இடது பையில் கட்டம் போட்ட அரபுத் தலைத்துணி ஒன்று மடித்து வைத்திருப்பார். வலது பையில் யூதர்கள் வைக்கிற சின்னத் தொப்பி. எந்த வாசலுக்குப் போகிறாரோ அதற்கேற்ற பையில் கை போகும். கையோடு ஒரு வரைபடமும், அதில் கோடு போட நாலு நிறப் பென்சில்களும் இருக்கும். போன நூற்றாண்டில் அவர் பாட்டனார் காலத்து ஆட்கள் அளவுகோலும் பென்சிலுமாக அங்கே வந்து போட்ட கோடுகளால்தான் பாதித் தகராறே வந்தது என்று யாராவது ஞாபகப்படுத்தினால், வருத்தத்தோடு தலையை ஆட்டி, அதைத் திருத்தவே தான் வந்திருப்பதாகச் சொல்லி, பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார்.

அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்காதீர்கள். முறை வைத்துக்கொண்டு பல வல்லரசுகள் அனுப்புகின்றன. கோட்டு மாறும், மனிதர் ஒருவரேதான். அவருடைய அரசாங்கம் காலையில் ஒரு பக்கத்துக்குப் போர் விமானம் விற்கும். மத்தியானம் இன்னொரு பக்கத்துக்குக் கோதுமை மாவும் காயத்துக்குக் கட்டுத் துணியும் அனுப்பும். சாயங்காலம் இரண்டு பக்கமும் நிதானம் காக்க வேண்டும் என்று அறிக்கை விடும். மூன்றையும் ஒரே நாளில், ஒரே முகத்தோடு செய்வதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! நம்மால் ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்குப் போய்வர முடிகிறதா?

நாயிலா என்ற பெண்மணிக்குத்தான் இந்த இனத்தை மிக அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அவள் ஜெருசலேமில் மத்தியஸ்தர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அரபு, ஹீப்ரு, ஆங்கிலம் மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்று மத்தியஸ்தர்களைப் பார்த்து அனுப்பிவைத்த பிறகு நாலாவதாக வந்து வாய்த்தவர் ஹார்க்னெஸ் என்பவர். தன் நாட்டில் மந்திரியாக இருந்தவர். ஒரு பஸ் நிறுத்தத்தை எந்தத் தெருவில் வைப்பது என்று இரண்டு வார்டுகளுக்குள் கிளம்பிய தகராறைத் தீர்க்கப் போய், இரண்டு வார்டிலும் தோற்றுப்போனவர். அந்த அனுபவத்தை வீணாக்கக் கூடாது என்று நினைத்த அவருடைய அரசாங்கம், அவரை அரபு–இஸ்ரேல் சமாதானத்துக்கு அனுப்பிவைத்தது.

ஹார்க்னெஸ் வாயிலிருந்து 'ஆம்' வராது, 'இல்லை' வராது. எதைச் சொன்னாலும் "இது ஊக்கமளிக்கிறது" என்பார். பேச்சுவார்த்தை முறிந்தால் 'பயனுள்ள சந்திப்பு'. ஒருவர் மேசையைக் குத்திவிட்டு வெளியே போனால் 'ஒளிவுமறைவற்ற கருத்துப் பரிமாற்றம்'. யாரும் வரவே இல்லையென்றால் 'இரு தரப்பினரும் ஆழ்ந்து சிந்திக்கிறார்கள்'. நாயிலா இதையெல்லாம் முகம் கோணாமல் மூன்று மொழியிலும் சொல்வாள். அதற்குத்தான் சம்பளம்.

இவ்வளவும் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐப்பசி மாதம் அவள் ஒரு நாள் லீவு கேட்கும்வரை.

நாயிலாவின் ஊர் தெய்ர் லோஸ், பெத்லகேமுக்கு மேற்கே மலைச்சரிவில். அவளுடைய தகப்பனார் அபூ நாஸிமுக்குப் பாட்டன் வழி வந்த ஆலிவ் தோப்பு ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் இஸ்ரேல் ராணுவம் வேலி போட்டது. மனிதர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார், மரங்கள் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. அறுவடைக் காலத்தில் மட்டும் வேலிக் கதவைச் சில நாட்கள் திறந்துவிடுவார்கள். ஆலிவ் மரம் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் கைவிரிக்கும். இது காய்க்கிற வருஷம். முதல் மழை பெய்து இலைத் தூசியைக் கழுவியாகிவிட்டது. கிளைகள் தரையைத் தொட்டன. இப்போது பறித்தால் எண்ணெய். விட்டால் கீழே விழுந்து, புளித்து, சோப்புக்குத்தான் ஆகும். அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் சோறு அந்த எண்ணெய்தான்.

ஆனால் கதவு திறக்கவில்லை. போன வருஷம் வேலிக்கு அந்தப் பக்கத்து யூத விவசாயக் குடியிருப்பான கிவ்அத் ஓரெனிலிருந்து வந்த டிராக்டர் ஒன்று, தோப்பின் கல் வரப்பை இடித்துத் தள்ளிவிட்டது. பதிலுக்கு இந்தப் பக்கத்துப் பையன்கள் கல்லெறிந்து டிராக்டரின் கண்ணாடியை உடைத்தார்கள். குடியிருப்புக்காரர்கள் ஆட்சேபித்தார்கள், ராணுவம் கதவைப் பூட்டியது. அந்தப் பகுதிக்கு வந்திருந்த இளம் கேப்டன், "நீங்க ரெண்டு பேரும் ராசியானா எனக்கென்ன, திறந்துவிட்டுட்டுப் போறேன்" என்று வாய்வழியாகச் சொல்லியிருந்தார்.

ராசியாவதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்த பக்கத்தார், நாலு பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு மற்றவர் வீட்டுக்குப் போவார்கள். ஏலக்காய் போட்ட, சர்க்கரை போடாத கசப்புக் காப்பி சின்னக் கிண்ணங்களில் வரும். வந்தவர்களின் தலைவர் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் தன் எதிரே வைத்துவிடுவார். "வந்த காரியம் ஆனால்தான் குடிப்போம்" என்பார். வீட்டுக்காரர் யோசிப்பார், பெருமூச்சு விடுவார், தாடியைத் தடவுவார். கடைசியில், "காப்பியைக் குடியுங்கள், வந்த காரியம் ஆயிற்று" என்பார். எல்லோரும் ஒரே மூச்சில் குடிப்பார்கள். அதோடு தீர்ந்தது. பிறகு எந்தக் கோர்ட்டுக்கும் வேலை இல்லை.

அபூ நாஸிமும் டிராக்டர்காரர் ஷஊலும் இதையெல்லாம் டெலிபோனிலேயே பேசி முடித்துவிட்டிருந்தார்கள். ஷஊலின் பெற்றோர் பாக்தாத்தில் பிறந்தவர்கள். அரபு அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மூத்த மகன் பெயரை வைத்து ஊரார் அவரை 'அபூ எலி' என்றே கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை அவர் வருவார். தலைவராகப் பக்கத்து ஊர் ஹாஜி முத்லக் வருவார். ஹாஜி முத்லக்குக்குப் படிப்பு கிடையாது, பேச்சு கிடையாது, பாதி நேரம் தூங்கிவிடுவார். அவருக்கு இருந்த தகுதி ஒன்றே ஒன்று: காப்பியை எதிரே வைத்துக்கொண்டு எத்தனை நேரமானாலும் குடிக்காமல் இருப்பார். மத்தியஸ்தம் என்றால் வேறென்ன?

இதற்காகத்தான் நாயிலா லீவு கேட்டாள். ஹார்க்னெஸ் ஏன் என்று கேட்டார். அவள் சொல்லிவிட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. பல் வலி என்றிருக்கலாம். ஹார்க்னெஸின் முகத்தில் ஒளி படர்ந்தது. அவர் எழுந்து நின்று, சன்னலுக்கு வெளியே பார்த்து, "அடிமட்டத்திலிருந்து சமாதானம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உடனே வரைபடத்தை விரித்து, தெய்ர் லோஸைத் தேடி, கிடைக்காமல், பச்சைப் பென்சிலால் அதைத் தானே உண்டாக்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடவே ஹார்க்னெஸும் வந்தார். அவர் மட்டும் வரவில்லை. அவர் போகிறார் என்று தெரிந்ததும் போட்டி வல்லரசு ஒன்று தன் ஆளை அனுப்பியது. இவர்கள் இருவரும் போகிறார்களே, என்ன பேசுகிறார்களோ என்று மூன்றாவது வல்லரசு ஒரு ஆளை அனுப்பியது. இந்த மூவரையும் கவனிக்க உலக அமைப்பு ஒன்று வெள்ளை ஜீப்பை அனுப்பியது. அதன் பின்னால் காமிராக்காரர்கள். கல்யாண ஊர்வலம் என்று நினைத்து ஊர்ப் பிள்ளைகள் கை தட்டிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். சமாதானத்துக்குப் பாதை வரைந்து தரும் அந்த மனிதருடைய வண்டி, தெய்ர் லோஸுக்குப் பாதை தெரியாமல் இரண்டு முறை கல்குவாரிக்குள் போய்த் திரும்பியது தனிக் கதை.

அபூ நாஸிம் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். நாலைந்து பேர் வருவதாக இருந்த இடத்தில் முப்பது பேர் வந்தாலும் அவர் முகம் மாறவில்லை. விருந்தாளி விருந்தாளிதான். மகளை மட்டும் ஒரு தரம் பார்த்தார். நாயிலா தரையைப் பார்த்தாள்.

கூடத்தில் நடு இருக்கை வந்த குழுவின் தலைவருக்கு உரியது. ஹாஜி முத்லக் அதில் உட்காரக் குனிந்த சமயத்தில், ஹார்க்னெஸ் அவர் கையைப் பிடித்து அன்போடு குலுக்கி, தோளைத் தட்டி, பக்கத்து மெத்தைக்கு நகர்த்திவிட்டு, தான் நடுவில் உட்கார்ந்தார். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் அது தனக்குத்தான் என்பது அந்த இனத்தின் ரத்தத்தில் ஊறியது. ஹாஜி முத்லக் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நாயிலாவின் தம்பி நாஸிம் காப்பியைக் கொண்டுவந்தான். ஷஊல் கிண்ணத்தை வாங்கி எதிரே வைத்தார். அவரோடு வந்த குடியிருப்புக்காரர்கள் வைத்தார்கள். ஹாஜி முத்லக் கண்ணைத் திறக்காமலே வைத்தார். ஷஊல் தொண்டையைச் செருமினார்.

ஹார்க்னெஸ் காப்பியைக் குடித்துவிட்டார்.

ஒரே மடக்கில். "அருமை" என்றார். கிண்ணத்தை நீட்டினார்.

எல்லோர் கண்ணும் அந்தக் காலிக் கிண்ணத்துக்குப் போயிற்று. குழுவின் தலைவர் இடத்தில் இருப்பவர் குடித்துவிட்டால் என்ன அர்த்தம்? கேட்க ஒன்றுமில்லை, சும்மா காப்பி குடிக்க வந்தோம் என்று அர்த்தம். இனி மன்னிப்புக் கேட்க ஷஊலால் முடியாது. கேட்காததைக் கொடுக்க அபூ நாஸிமால் முடியாது. சரி, அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? விருந்தாளி தப்புச் செய்தார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுகிற வீடு அந்த மலைச்சரிவிலேயே கிடையாது. நாயிலா வாயைத் திறக்கப் பார்த்தாள். தகப்பனார் கண்ணாலேயே அதை மூடினார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. போதும் என்றால் கிண்ணத்தைக் கையில் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பது அங்கே மரியாதை. ஹார்க்னெஸ் ஆட்டவில்லை. நாஸிம் ஊற்றினான். அவர் குடித்தார். அவன் ஊற்றினான். உபசாரத்தை மறுக்காமல் தன் நாட்டின் கௌரவத்தைக் காப்பாற்றும் எண்ணத்தோடு அவர் கடைசிவரை குடித்தார். பானையின் அடி தெரிந்த பிறகுதான் அந்த மனிதருடைய கை தானாகவே நடுங்கி, கிண்ணமும் ஆடியது.

தன்னைத் தவிர யாரும் காப்பியைத் தொடவில்லை என்பதை அதன் பிறகுதான் அவர் கவனித்தார். அவர் மூளை வேலை செய்தது. இந்தப் பக்கமும் குடிக்கவில்லை, அந்தப் பக்கமும் குடிக்கவில்லை. வாசலில் காமிராக்காரர்களிடம் அவர் சொன்னதை நாயிலாவே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று: இரு தரப்பினரும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒரே நிலைப்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் காப்பி பிடிக்கவில்லை, அடுத்த சுற்றில் அவர்களுடைய உணர்வுகளுக்கு மதிப்பளித்து ஆரஞ்சுச் சாறு வழங்கப்படும்.

அடுத்த சுற்றா? ஆம், அடுத்த சுற்று. மத்தியஸ்தரின் உலகத்தில் எந்தக் காரியமும் முடிவதில்லை, சுற்றுகிறது.

அந்தச் சுற்று சாக்கடல் ஓரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது. நடுநிலையான இடம் வேண்டுமாம். தன் மரத்திடம் போக அபூ நாஸிமுக்கு அனுமதிச் சீட்டு இல்லை. தன் மரத்தைப் பற்றிப் பேசப் போக, கேட்ட அன்றே கிடைத்தது. காலை முழுவதும் மேசை வட்டமா நீளமா என்று பேசினார்கள். மத்தியானம் கொடி. இரு பக்கத்து மேலிடங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு தோப்புத் தகராறாக இருந்தவரை எந்த மேலிடத்துக்கும் அதில் அக்கறை இருந்ததில்லை; வெளிநாட்டார் பார்க்கிறார்கள் என்றதும் இருவருக்கும் அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. வெளியாரின் நெருக்கடிக்குப் பணிந்து கதவைத் திறந்ததாகப் பெயர் வரக் கூடாது என்றது ஒரு மேலிடம். எங்களைக் கேட்காமல் கதவைத் திறக்கவைத்ததாகப் பெயர் வரக் கூடாது என்றது இன்னொன்று. வாய்வழியாகச் சொன்ன இளம் கேப்டனுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

ஹார்க்னெஸ் மனம் தளரவில்லை. படிப்படியான திட்டம் ஒன்றை முன்வைத்தார். முதல் கட்டத்தில் பூட்டைத் திறப்பது. நம்பிக்கை வளர்ந்த பிறகு, இரண்டாம் கட்டத்தில் கதவைத் திறப்பது. மூன்றாம் கட்டத்தில் அதன் வழியாக யாராவது நடப்பதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது. ஆலிவ் காய்க்கு இந்தக் கட்டங்களைப் பற்றித் தெரிவிக்க ஏற்பாடு ஏதும் செய்யப்பட்டிருக்கவில்லை.

சாறு பரிமாறப்பட்ட இடைவேளையில் அபூ நாஸிமும் ஷஊலும் நீச்சல் குளத்து ஓரம் போய் நின்றார்கள். நாயிலா அவர்களுக்குப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றாள்.

"மரம் எப்படி இருக்கு, அபூ எலி? உன் வீட்டு மாடியிலேருந்து தெரியுமே" என்றார் தகப்பனார்.

ஷஊல் சாற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். "கொட்ட ஆரம்பிச்சாச்சு. வடக்கு மூலையில கீழெல்லாம் கறுப்பா கிடக்கு. நான் போய்ப் பொறுக்கலாம்னு பார்த்தேன், அப்புறம் திருடிட்டான்னு அதுக்கொரு சுற்று வைப்பாங்க."

"உங்க மேலிடம் என்ன சொல்லுது?"

"உங்க மேலிடம் சொல்றதேதான். இவர் பார்த்துக்கிட்டு இருக்கற வரைக்கும் ஒருத்தனும் இறங்கிவரமாட்டான். தெருவுல நாலு பேர் கூடி நின்னா புருஷன் பொண்டாட்டி சண்டையே ஓயாது, இது ஓயுமா?"

"நல்ல மனுஷன்தான்."

"நல்ல மனுஷன்தான். எப்போ போவாரு?"

அபூ நாஸிம் திரும்பாமலே, "அதை எம்பொண்ணுதான் சொல்லணும்" என்றார்.

நாயிலாவுக்கு அன்று இரவு முழுவதும் தோப்பின் வடக்கு மூலைதான் கண்ணில் நின்றது. அந்த எண்ணெய்தான் அவளைப் படிக்கவைத்தது. அந்தப் படிப்பை வைத்துத்தான் அவள் "இது ஊக்கமளிக்கிறது" என்று மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அவளுக்கு இந்த இனத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். மத்தியஸ்தரைச் சண்டை விரட்டாது, சமாதானமும் விரட்டாது. அவரை இருந்த இடத்திலிருந்து கிளப்பக்கூடியது உலகத்தில் ஒன்றுதான்: இன்னொரு மத்தியஸ்தர். தினமும் காலையில் ஹார்க்னெஸுக்கு அவள் பத்திரிகைகளைப் படித்து மொழிபெயர்த்துச் சொல்வது வழக்கம். மறுநாள், உள்பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்த செய்தி ஒன்றை அவள் முதலில் படித்தாள். போட்டி வல்லரசின் தூதர், ஏதோ ஓர் ஏரிக்கரை நகரத்தில், இந்தப் பிரதேசம் முழுவதற்குமான மாபெரும் சமாதான மாநாட்டைக் கூட்டுகிறார். பொய் இல்லை. அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தாள். கடைசி வரியை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்: குழுப் புகைப்படம் ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்படும்.

ஹார்க்னெஸ் முட்டைக் கரண்டியைக் கீழே வைத்தார். தெய்ர் லோஸ் 'வழிமுறை' தற்போது முதிர்ச்சியடைந்துள்ளதாகவும், அதற்குச் சற்றே மூச்சுவிட இடம் தரவேண்டும் என்றும் அறிவித்தார். சாயங்கால விமானத்தில் போய்விட்டார். அவர் போனதும் மற்ற இரு வல்லரசுகளின் ஆட்களுக்கு அங்கே கவனிக்க ஆள் இல்லை, அவர்களும் போனார்கள். வெள்ளை ஜீப் போயிற்று. காமிராக்களும் போயின. இரண்டு மேலிடங்களும் ஏரிக்கரைக்குக் கிளம்பின.

தெய்ர் லோஸை யாரும் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய வரம்!

அடுத்த நாள் ஷஊல் மறுபடி வந்தார். ஹாஜி முத்லக் நடுவில் உட்கார்ந்தார். காப்பி வந்தது; எல்லோரும் வைத்தார்கள். ஷஊல் வரப்பைப் பற்றிச் சொன்னார். அபூ நாஸிம் கண்ணாடியைப் பற்றிச் சொன்னார். அவர் பெருமூச்சு விட்டு, தாடியைத் தடவிய அந்த நேரத்தில், கிண்ணத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு ஹாஜி முத்லக் கல்லைப் போல உட்கார்ந்திருந்தார். நாயிலா கதவருகில் நின்று அவரையே கவனித்தாள். நாலு மத்தியஸ்தர்களிடம் வேலை பார்த்திருக்கிறாள். ஒருவரும் இவ்வளவு நேரம் சும்மா இருந்து அவள் கண்டதில்லை.

"குடிங்க, அபூ எலி" என்றார் தகப்பனார். "வந்த காரியம் ஆச்சு."

இளம் கேப்டன் சாயங்காலம் தானே வந்து பூட்டைத் திறந்தார். காகிதம் எதுவும் இல்லை. "நான் திறக்கலை, காத்துல திறந்துக்கிச்சு" என்று ஷஊலிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் மூன்றும் ஒரே தள்ளில் முடிந்தன.

ஆனால் தோப்பில் பாதிக்குப் பாதி தரையில் கிடந்தது. குடும்பம் முழுவதும் போய், மரத்தில் மிச்சமிருந்ததை ஏணி வைத்துப் பறித்தார்கள். விழுந்ததைத் தனியே கூட்டினார்கள். அபூ நாஸிம் கீழே கிடந்த ஒரு காயை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தார். சோப்புக்கான சாக்கில் போட்டார். பிறகு அடுத்ததைக் குனிந்து எடுத்தார். அதையும் மோந்து பார்த்தார். ஒவ்வொன்றாக இப்படி எத்தனைதான் பார்ப்பார் என்று நாயிலா பக்கத்தில் போய்ச் சாக்கை வாங்கிக்கொண்டாள்.

ஹார்க்னெஸ் திரும்பி வந்ததும் கதவு திறந்த செய்தியைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. தன் தலைநகருக்கு அறிக்கை எழுதினார். பொறுமையான, விடாமுயற்சியான பல சுற்றுப் பேச்சுகளின் பலனாகவும், தகுந்த தருணத்தில் தான் மேற்கொண்ட வெளிப்பயணத்தின் பலனாகவும் தெய்ர் லோஸில் திருப்புமுனை ஏற்பட்டிருப்பதாக அதில் இருந்தது. இரண்டாவது காரணத்தில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மறுக்க முடியாது. இதே முறையை இன்னும் பன்னிரண்டு ஊர்களில் பின்பற்றலாம் என்று பச்சைப் பென்சிலைச் சீவினார். நாயிலா அன்றைக்கே தலைவலி என்று லீவு போட்டாள். இந்தத் தடவை உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்தால் வீட்டில் சத்தம். மிஞ்சிய எண்ணெயில் யாருக்கு எந்த ஜாடி என்று அம்மாவும் அத்தையும் முற்றத்தில் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நாயிலா பையை இறக்கி வைத்தாள். ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இருவருக்கும் நடுவில் போட்டாள். அதில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"யம்மா, கொஞ்சம் கேளு. இரு தரப்பும் நிதானமா..."

அம்மா பேச்சை நிறுத்தினார். அத்தையும் நிறுத்தினார். இருவரும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"யாருடி அந்த இரு தரப்பு?" என்றார் அம்மா. "நான் உன்னைப் பெத்தவ. இவ உன்னைத் தூக்கி வளர்த்தவ. எந்திரிச்சுப் போய்ச் சோத்தைப் போட்டுத் தின்னு."

அவள் எழுந்து போனாள். அவள் கையைக் கழுவி முடிப்பதற்குள் முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜாடி விவகாரம் எப்படித் தீர்ந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இந்த வியாதி எவ்வளவு சுலபமாகத் தொற்றுகிறது பார்த்தீர்களா? வல்லரசு வேண்டாம், விமானம் வேண்டாம், ஒரு முக்காலி போதும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், மாடி வீட்டுக்காரருக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும் தண்ணீர் மோட்டாரில், மருமகளுக்கும் மாமியாருக்கும் ஒரு கரண்டி உப்பில், "எனக்கு இதுல ஒண்ணும் இல்லை, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தவர் யாரையும் நீங்கள் பார்த்ததே இல்லையா? கண்ணாடியில்கூட?

இல்லை என்றால் சந்தோஷம். இன்னும் ஒரே ஒரு கேள்வி. இதைப் படிக்கும்போது, தெய்ர் லோஸ்காரர்கள் இதை இன்னும் கொஞ்சம் நல்லபடியாகச் செய்திருக்கலாமே, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து நான் மட்டும் நாலு வார்த்தை பேசியிருந்தால் என்று ஒரு கணமாவது உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியது, இல்லையா? பரவாயில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இப்போது யாரோ குரலை உயர்த்துகிறார்கள், உங்கள் காதில் விழுகிறது, நீங்கள் செருப்பைத் தேடுகிறீர்கள்.

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள்.